ஐந்து குரல்களில் உன்னுடையது இல்லை

அன்புள்ள ஜெபா,

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆலயப் படியில் நின்றபோது நீ கையால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அந்தப் பெட்டி பேசுவது போலத்தான் என் குரலும் இருக்குமா அப்பா?" கேஸ் சிலிண்டர் வண்டி வரும் நேரம் என்று கை காட்டிவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் சிலிண்டர் வண்டி வருகிறது? நீ அதைக் கண்டுபிடித்திருப்பாய். ஆனாலும் ஒன்றும் கேட்காமல் சாயங்காலமே எர்ணாகுளம் பஸ் ஏறிவிட்டாய், கல்யாண லீவுக்கு முன் ஆபீசில் வேலையை ஒப்படைத்துவிட்டு வர. புதன்கிழமை திரும்பி வருவாய். வியாழக்கிழமை உனக்குக் கல்யாணம். அதற்குள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று பேப்பரையும் பேனாவையும் எடுத்து உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்ததும் உன் அம்மா போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள்.

நீ படித்துவிட்டுச் சரி என்றால் இதை நம் சபையின் மாத இதழுக்கும் கொடுக்கப் போகிறேன். காரணம் போகப் போகத் தெரியும். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையே மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ பிறந்ததிலிருந்தே காது கேளாதவள். நான் பீர்மேட்டில் ஒரு தேயிலை ஃபாக்டரியின் ரோலிங் ரூமில் முப்பது வருடம் நின்றவன். வாடிய இலையை முறுக்கிப் பிழியும் உருளைகள் அங்கே ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் கையால்தான் பேசுவோம். நெற்றியில் தொப்பி விளிம்பு போலக் கை வைத்தால் துரை வருகிறார். இரண்டு முஷ்டியையும் குறுக்கே வைத்தால் மெஷினை நிறுத்து. உனக்குக் காது கேட்காது என்று தெரிந்த அன்று ஊரே எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. நான் மட்டும் பெரிதாகப் பதறவில்லை. எட்டு மணி நேரம் பேசும் பாஷையை வீட்டுக்கும் கொண்டு வந்தால் போச்சு என்று நினைத்தேன். அப்படித்தான் உன் முதல் வார்த்தைகள் வந்தன. தலைக்கு மேல் இரண்டு விரலை இழுத்தால் அம்மா, கொழுந்துக் கூடையின் வார் அவள் தலையில் பதிந்திருக்கும் இடம் அது. முஷ்டியை வட்டமாகச் சுற்றினால் அப்பா, ரோலர் ஓட்டுகிறவன். தொப்பி விளிம்புக்கு நீ வேறு பொருள் கொடுத்தாய். அப்பா கோபமாக இருக்கிறார், ஜாக்கிரதை என்று உன் அம்மாவுக்குச் சொல்ல அதைப் பயன்படுத்தினாய். எனக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது நீ செய்கிற வேலையை ஊரில் யார் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரிகிறது. மற்றவர்கள் கம்ப்யூட்டரிடம் விரலால் தட்டியோ வாயால் பேசியோ வேலை வாங்குகிறார்கள். என் மகள் அதற்குக் கையைப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறாள். கேமரா முன்னால் சைகை காட்டினால் பெட்டி அதைப் பார்த்து வார்த்தையாகப் பேசும். ஆஸ்பத்திரியில், பஸ் ஸ்டாண்டில் வைப்பார்கள். இதுவரைக்கும் சரியாகத்தான் சொல்கிறேன் என்று நினைக்கிறேன். நான் ஃபாக்டரியில் சேர்ந்தபோது மெஷினுக்கு நாங்கள்தான் பழகிக்கொண்டோம். அதன் வேகத்துக்குக் கை ஓட வேண்டும், அதன் சத்தத்துக்குக் காது பழக வேண்டும். இப்போது ரேஷன் கடையில் என் தேய்ந்த விரலை மெஷின் ஏற்காவிட்டால் கண்ணைக் காட்டச் சொல்கிறார்கள். உன் அம்மா அடுப்படியில் நின்றபடியே போனிடம் மழை வருமா என்று கேட்கிறாள், அதுவும் மரியாதையாகப் பதில் சொல்கிறது. மனுஷனுக்கு மெஷின் பழகிக்கொள்ளும் காலத்தைக் கண்ணால் பார்த்துவிட்டேன். எனக்கு அதில் நிஜமாகவே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்குப் போன மாதம் நல்ல விலை கொடுத்தேன். நீ லீவில் வந்து, பெட்டிக்குப் பட்டணத்துப் பள்ளிக்கூடச் சைகை மட்டும்தான் தெரியும், நம் வீட்டுக் கையும் அது கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, அரிசி டிரம் மேல் போனை நிறுத்தி வைத்து எங்களை எதிரே நிற்க வைத்தாய். ஒரு சைகையை ஐம்பது தடவை காட்ட வேண்டும். 'சாப்பிட்டாயா' ஐம்பது தடவை. 'மழை வருகிறது, துணியை எடு' ஐம்பது தடவை. நான் காட்டியது எதையும் பெட்டி ஏற்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. ரோலிங் ரூமில் நாலு மெஷினுக்கு அப்பால் நிற்பவனுக்குத் தெரிய வேண்டுமே என்று எல்லாச் சைகையையும் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியே பழகியவன் நான். கேமராவில் என் முகம் மட்டும் இருக்கிறது, கை படத்துக்கு வெளியே இருக்கிறது. "என்னங்க, மேல காக்காவா வெரட்டுதீங்க? கைய நெஞ்சுக்குக் கீழ எறக்குங்க" என்றாள் உன் அம்மா. அவளுக்கோ வேறு கோளாறு. கொழுந்து கிள்ளிப் பழகிய கை, நான் ஒரு சைகை முடிப்பதற்குள் அவள் நாலு முடித்துவிடுகிறாள், பெட்டி மூச்சு வாங்குகிறது. அந்த நாட்களில் நீ சிரித்த சிரிப்பை நான் இதற்கு முன் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

பெட்டியிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் கை பாதியில் இருக்கும்போதே நீ இதைத்தான் சொல்லப் போகிறாய் என்று ஊகித்து அது மீதியைச் சொல்லி முடித்துவிடுகிறது. பெரும்பாலும் சரியாகவும் ஊகிக்கிறது. வீட்டில் அந்தக் கெட்ட பழக்கம் எனக்குத்தான் உண்டு, உன் அம்மா சொல்ல வந்ததை நானே முடித்துவைப்பேன், முப்பத்திரண்டு வருடமாக அவள் சகித்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை ஸ்டீபனுக்கும் உனக்கும் இடையில் அந்தப் பெட்டியை வைக்காதே. நீங்கள் இருவரும் காது கேளாதவர்கள். நீங்கள் பேசிக்கொள்ள ஒரு யூனிட் கரண்ட் கூட வேண்டாம், வெளிச்சம் இருந்தால் போதும். அதனால்தான் இந்த ஒன்றை உனக்குப் புத்தியாகச் சொல்கிறேன். சண்டை வரும், வராமல் இருக்காது. நாங்கள் சண்டை போட்டால் வாயை மூடிக்கொள்வோம், ஆனாலும் மற்றவர் கத்துவது காதில் விழுந்துகொண்டே இருக்கும். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ லைட்டை அணைத்துவிட்டாலோ ஸ்டீபனின் வாயையே அடைத்த மாதிரி ஆகும். எவ்வளவு கோபம் வந்தாலும் லைட்டை மட்டும் அணைக்காதே. அவனிடமும் இதைச் சொல்லி வை.

ஸ்டீபனின் ஊரான கொல்லங்கோட்டுக்குப் போனபிறகு வேலை என்னாகுமோ என்று நான் கவலைப்பட்டபோது நீ, ஆபீசையே கண்முன் காட்டும் அந்தக் கனத்த கண்ணாடியை என் முகத்தில் மாட்டிவிட்டாய். திடீரென்று எர்ணாகுளத்து ஆபீசில் நிற்கிறேன், எதிரே மேஜை, சுற்றிலும் ஆட்கள் கையால் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேஜையைத் தொடப் போய் உன் அம்மாவின் டீ டம்ளரைத் தட்டிவிட்டேன். ஸ்டீபன் பிளெக்ஸ் போர்டு டிசைன் செய்யும் அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்தே நீ இந்த ஆபீசுக்குப் போய் வரலாம் என்றாய். நல்ல விஷயம். ஆனால் ஸ்டீபனின் அம்மா சாப்பிடக் கூப்பிட வந்து தோளைத் தொடும்போது அதைக் கழற்றிவிட்டு அவர்கள் முகத்தைப் பார். அந்த அம்மாள் மகனுக்காகவே கைபேச்சுக் கற்றவர், அதை மதிக்க வேண்டும்.

இனி பதிலுக்கு வருகிறேன். சுற்றி வளைத்தது போதும்.

பெட்டிக்கு ஒரு குரல் தேர்ந்தெடுக்க வேண்டும், உன்னால் கேட்க முடியாது, ஆகவே என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாய். ஐந்து பெண் குரல்கள். ஒவ்வொன்றும் ஒரே வாக்கியத்தைச் சொன்னது. போனைக் காதோடு ஒட்டிப் பிடித்துக் கேட்டு நான் மூன்றாவதைக் காட்டினேன். தேனாக இருந்தது, செய்தி வாசிக்கிற பெண் மாதிரி சுத்தமாக இருந்தது. அப்போது உன் அம்மா உனக்கு முதுகு காட்டி அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு ஒன்று சொன்னாள். அதை நான் உனக்குக் கையால் மாற்றிச் சொல்லவில்லை. "அஞ்சுல ஒண்ணுகூட நம்ம பிள்ள கொரலு இல்ல" என்றாள். நான் கேட்காதது போல இருந்துவிட்டேன். ரோலிங் ரூமில் நின்று நின்று என் காதும் மந்தமாகிவிட்டதால் அப்படி இருப்பது எனக்குச் சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு நடந்த கல்யாண ஒத்திகையின்போது போதகர் கேட்க வேண்டியதைக் கேட்டார். நீ கையால் பதில் சொன்னாய். பெட்டி அந்த மூன்றாவது குரலில் முழு மனதோடு சம்மதிக்கிறேன் என்றது. எல்லோரும் கை தட்டினார்கள். ஸ்டீபனின் அம்மா என் பக்கம் குனிந்து, "ஏனுங்க சம்பந்தி, பொட்டி நல்லாத்தான் பேசுதுங்க. ஆனா இவங்க ரெண்டு பேருக்கும் அது வேண்டீதில்லீங்களே, நமக்குத்தானுங்க வேணும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அப்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. அந்தக் குரல் என் காதில் சரியாகவே விழவில்லை. மெல்லிய, உயர்ந்த சத்தங்கள் எனக்குப் போய்ப் பல வருடங்களாகின்றன, கனத்த சத்தம் மட்டும்தான் முழுசாகக் கேட்கிறது. நான் பெட்டியைக் கேட்கவே இல்லை, உன் கையைப் பார்த்துப் புரிந்துகொண்டிருந்தேன். எனக்கே ஒழுங்காகக் கேட்காத ஒரு குரலை, மற்றவர்கள் காதுக்கு நன்றாக இருக்கும் என்பதற்காக உனக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அந்த நினைப்போடு படியிறங்கும்போதுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

ஜெபா, உனக்கு ஐந்து வயதில் ஒரு பள்ளிக்கூடத்தில் என்னை உட்கார வைத்துச் சொன்னார்கள், வீட்டில் கையால் பேசினால் இந்தப் பிள்ளைக்கு வாய்ப்பேச்சு வரவே வராது என்று. படித்தவர்கள் சொன்னார்கள், நான் நம்பிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் கையைத் தூக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். நான் ஷிப்ட் முடிந்து வாசலில் வரும்போது நீ இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வாய். அடக்கமான பிள்ளை என்று நான் பெருமைப்பட்டேன். எனக்குப் பாஷை தெரியும், உனக்கும் தெரியும், இரண்டு பேரும் ஒரே அறையில் ஊமையாக உட்கார்ந்திருந்தோம். நான்கு வருடம் அப்படிப் போனது.

ஒன்பது வயதில் அந்தக் கிறிஸ்துமஸ். உனக்கு நினைவிருக்கும் என்று எனக்குத் தெரியும், இருவரும் ஒரு நாளும் அதைப் பேசியதில்லை. ஆலயம் நிறைந்திருந்தது. எல்லோரும் எழுந்து பாடினார்கள். நீ என் பக்கத்தில் பெஞ்சின் மேல் கை வைத்து, அதன் அதிர்வைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து நீயும் பாடினாய். பள்ளிக்கூடத்தில் சொன்னதைக் கேட்டு, பேச்சு வர வேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்தேன், அந்தக் குரல் வந்தது. பெரிய குரல், எல்லோரையும் தாண்டிக் கேட்டது. முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார், பிறகு இன்னும் இரண்டு பேர். நான் என் கையால் உன் வாயைப் பொத்தினேன். மெதுவாகப் பொத்தவில்லை. நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அதற்குப் பிறகு என் முன்னால் நீ பாடவில்லை. கையைப் பூட்டி வைத்தவனும் நான், அது போதாதென்று வாயை அடைத்தவனும் நான். புத்தாண்டு பிறந்ததும் சட்டத்தை நானே எடுத்துவிட்டேன், வீட்டில் கையால் பேசலாம் என்றேன். ஆனால் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்து இப்போது கேட்கிறேன். அன்று சபைக்கு முன்னால் செய்ததை சபைக்குத் தெரியும்படி ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால்தான் இதை இதழில் போட நினைக்கிறேன்.

இன்று காலை உன் அம்மாவிடம் இதையெல்லாம் எழுதப் போவதாகச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "இப்பவாவது எழுதுதீங்களே" என்றாள். பிறகு சொன்னாள்: "நீங்க ஷிப்டுக்குப் போனப்பொறம் அவ பாடிக்கிட்டேதான் இருப்பா. நான் தொண்டையில கைய வச்சுக்கிடச் சொல்லுவேன். கையாலயும் பேசுவோம், என்ன வேணும்னாலும் பேசுவோம். ஒங்க செருப்புச் சத்தம் கேட்டா நான் கண்ண காட்டுவேன், அவ நிறுத்திருவா." இத்தனை வருடமாக என் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியவில்லை. நான் இல்லாத எட்டு மணி நேரத்தில்தான் நீ முழுசாக இருந்திருக்கிறாய். கேட்டதும் அழுதேன். பிறகு, நல்லவேளை, அந்த எட்டு மணி நேரமாவது இருந்ததே என்று நினைத்து மனசு ஆறிப்போனது. உன் அம்மா என்னை மீறி நடந்த இந்த ஒரு காரியத்துக்காக அவளுக்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்ல வேண்டும். சொன்னேன். "சரி சரி, ஒல கொதிக்குது" என்றாள்.

ஆக, உன் கேள்விக்குப் பதில். உன் குரல் அந்தப் பெட்டியைப் போல இல்லை. அது தேன் போலவும் இல்லை. கனத்த குரல், அடித்தொண்டையிலிருந்து வருவது. ஆரம்பத்தில் கொஞ்சம் கரகரக்கும், பிறகு நேராகப் போகும். வார்த்தைகளின் ஓரங்கள் தேய்ந்திருக்கும், பழகியவர்களுக்குப் புரியும். போன வருடம் ரோட்டில் ஜீப் பின்னால் வருவது தெரியாமல் நான் நின்றேனே, டிரைவர் அடித்த ஹாரன் எனக்குக் கேட்கவில்லை. நீ கத்திய "ப்பா" கேட்டது. அதனால்தான் ஒதுங்கினேன். உலகத்தில் இன்று எனக்கு முழுதாகக் கேட்கும் குரல்களில் ஒன்று உன்னுடையது. அழகாக இருக்கிறதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

இதனால் நீ வாய் திறந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பேசு என்றும் நான்தான் விரட்டினேன், பேசாதே என்றும் நான்தான் அடக்கினேன், மூன்றாவது தடவையும் உத்தரவு போட எனக்கு யோக்கியதை இல்லை. பெட்டி நீ உருவாக்கியது, உன் உழைப்பு, அதற்குள் நம் வீட்டுக் கையும் இருக்கிறது. அது பேசினால் எனக்குப் பெருமைதான். அதை அணைத்துவிட்டு நீங்கள் இருவரும் வெறும் கையால் சொல்லிக்கொண்டாலும் எனக்குத் தெளிவாகப் புரியும், சபைக்குப் புரியாவிட்டால் போதகர் எடுத்துச் சொல்லட்டும். அந்த மூன்றாவது குரலை மட்டும் எனக்காக வைத்துக்கொள்ளாதே. பிடித்திருந்தால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் உன் அம்மாவிடம் கேட்டு வேறு வை.

வியாழக்கிழமை போதகர் உன்னிடம் கேட்கும்போது கையால் சொல், பெட்டியைச் சொல்ல விடு, இல்லை, உன் சொந்த வாயைத் திறந்து உனக்கு எப்படி வருகிறதோ அப்படிச் சொல். யாராவது திரும்பிப் பார்த்தால், அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அப்பா